உங்கள் அண்ணன் கேட்பது யாளியை

கேள்வி: நான் விலங்கியல் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு; எனக்கும் உண்டு. உயிரினங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று வாதிடும் நூல்களை என் அண்ணன் சில மாதங்களாகப் படித்துவருகிறார். "ஒரு விலங்கு இன்னொன்றாக மாறியது உண்மையென்றால், பாதி மாறிய நிலையில் ஒன்றாவது மண்ணுக்குள் கிடைக்க வேண்டுமே, எங்கே? இடைநிலைப் புதைபடிவம் என்பதே முயற்கொம்பு" என்கிறார். நான் ஒன்றைச் சொன்னால், "அது முழு விலங்கு, பாதி இல்லை" என்கிறார். பாதிக் காதை வைத்துக்கொண்டு எந்த உயிர் பிழைக்கும் என்று கேட்கிறார். மனித மூதாதை என்று போலியாகக் காட்டப்பட்ட பில்ட்டவுன் எலும்புகளின் மோசடியை எடுத்துக்காட்டுகிறார். தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டே இடைநிலை வடிவங்கள் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார் என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொல்வது சரிதானா? பரிணாமத்தை ஏற்றுக்கொண்டால் நம்பிக்கையை விட்டுவிட வேண்டுமா? தொல்லுயிரியலில் மேற்படிப்புக்குப் போக ஆசைப்பட்டேன். இனி அதில் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது என்றும் அண்ணன் கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணனின் கேள்வி நல்ல கேள்வி. டார்வினே அதைத் தமக்கு எதிராக எழுப்பிக்கொண்டார். 1859இல் வெளியான தம் நூலில், பாறைகள் வைத்திருக்கும் பதிவு எவ்வளவு குறைபட்டது என்பதற்காகவே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். இடைப்பட்ட வடிவங்கள் ஏன் ஒவ்வொரு அடுக்கிலும் நிறைந்து கிடக்கவில்லை என்பதுதான் தம் கோட்பாட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிகக் கனமான ஆட்சேபணை என்று ஒளிக்காமல் எழுதினார். அன்று அவரிடம் எடுத்துக்காட்ட அதிகம் இல்லை. இன்று தொல்லுயிரியலாளர்களான எங்களிடம் இருக்கிறது. ஆகவே "காட்டு" என்று அண்ணன் கேட்டதற்காக அவர்மேல் வருத்தப்படாதீர்கள். காட்டுவோம்.

எதைக் காட்ட வேண்டும் என்பதில்தான் சிக்கல். கோயில் தூண்களில் யாளியைப் பார்த்திருப்பீர்கள். சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை. உங்கள் அண்ணன் மனத்தில் இருக்கும் இடைநிலை விலங்கு அதுதான்: இன்று நாம் அறிந்த இரண்டு விலங்குகளை வெட்டி ஒட்டிய ஒன்று. பரிணாமம் அப்படி ஒன்று இருந்ததாகச் சொல்வதே இல்லை. சிங்கம் யானையாக மாறவில்லை; யானை சிங்கமாகவும் மாறவில்லை. இரண்டும் ஒரே மரத்தின் இரண்டு நுனிக் கிளைகள். அவை பிரிந்த கவட்டில் நின்ற மூதாதைக்குத் துதிக்கையும் இல்லை, பிடரியும் இல்லை. நாளை யாராவது உண்மையிலேயே ஒரு யாளியின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தால், தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்தான். கிளைகள் நுனியில் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை எங்கள் மரத்தால் விளக்க முடியாது.

"அது முழு விலங்கு" என்று அவர் சொல்வது உண்மை. எந்தக் காலத்திலும் அரைகுறையாக ஒரு விலங்கு வாழ்ந்ததில்லை. நம் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குகைத் தளங்களில் வெட்டப்பட்ட தமிழி எழுத்துக்கும் நீங்கள் இப்போது படிக்கும் எழுத்துக்கும் நடுவே சுமார் 2000 ஆண்டுகள். முதலில் இருந்ததை வாசிக்க இன்று தனிப் பயிற்சி வேண்டும். நடுவில் வந்த கல்வெட்டுகளை நூற்றாண்டு வரிசையில் அடுக்கினால் 'க' கொஞ்சம் கொஞ்சமாக இன்றைய 'க' ஆவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் எந்தச் சிற்பியும் "நான் பாதி எழுத்தை வெட்டுகிறேன்" என்று நினைத்து உளியை எடுக்கவில்லை. அவரவர் காலத்தில் அது முழு எழுத்து. வரிசையில் வைத்துப் பார்க்கும் நமக்குத்தான் அது இடைநிலை.

புதைபடிவத்திலும் அப்படியே. பழைய குழுவின் அடையாளங்களும் புதிய குழுவின் அடையாளங்களும் ஒரே உடலில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த உடல் கிடைக்கும் பாறையின் வயதும் பொருந்த வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அதை இடைநிலை என்கிறோம். அந்த விலங்கு நேரடிப் பாட்டனாக இருக்க வேண்டியதில்லை. பாட்டனின் உடன்பிறந்தவராக இருந்தாலும் போதும். குடும்பச் சாயல் அவரிடமும் இருக்கும்.

இனி எலும்புக்கு வருகிறேன். என் மேசையில் ஓர் ஆட்டின் கணுக்கால் எலும்பு எப்போதும் இருக்கும். தீப்பெட்டியைவிடச் சிறியது. மாணவர்கள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். மேல்முனையில் விரலை ஓட்டினால், கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடும் பள்ளம் போல ஒன்று தட்டுப்படும். கால் எலும்பு அதன்மேல் உருளும். அப்படியே திருப்பிக் கீழ்முனையைத் தொட்டால் அங்கேயும் இன்னொரு கப்பி. நாயின் கணுக்காலிலும் குதிரையின் கணுக்காலிலும் கப்பி மேலே மட்டுந்தான். மேலும் கீழும் கப்பி இருப்பது ஆடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை போன்ற இரட்டைக் குளம்புள்ள விலங்குகளின் முத்திரை. மண்ணிலிருந்து இந்த ஓர் எலும்பு மட்டும் கிடைத்தாலும், அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

இந்தச் சிறு எலும்புதான் திமிங்கிலத்தின் கதையைத் தீர்த்துவைத்தது. திமிங்கிலம் பாலூட்டி, நுரையீரலால் மூச்சுவிடுகிறது, அதன் முன்னோர் தரையில் நடந்திருக்க வேண்டும் என்பது பழைய ஊகம். எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதில் பெரிய சண்டை இருந்தது. பல்லின் அமைப்பைப் பார்த்தவர்கள், மெசோனிக்ஸ் வகையைச் சேர்ந்த, அழிந்துபோன ஊனுண்ணிகளைக் காட்டினார்கள். 1990களில் மரபணுவை ஒப்பிட்டவர்கள், திமிங்கிலத்துக்கு இன்றுள்ள மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை என்றார்கள். எலும்பு ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை நம்பவில்லை. பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ் என்ற விலங்கின் மண்டையோட்டை 1981இல் விவரித்த பிலிப் ஜிஞ்சரிச்சும் மெசோனிக்ஸ் பக்கம்தான் நின்றார்.

பிறகு 2001 வந்தது. ஜிஞ்சரிச்சின் குழு, பலுசிஸ்தானத்தின் ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளிலிருந்து, ரோடோசீட்டஸ், ஆர்ட்டியோசீட்டஸ் என்ற இரண்டு ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால்களை எடுத்தது. மேலே கப்பி. திருப்பினால் கீழேயும் கப்பி. அதே நேரத்தில் ஹான்ஸ் தெவிசென்னின் குழு பாகிசீட்டஸின் உடல் எலும்புகளை வெளியிட்டது. அங்கும் அதே இரட்டைக் கப்பி. ஜிஞ்சரிச் தம் பழைய கருத்தைக் கைவிட்டார். உங்கள் அண்ணனிடம் இந்தக் கட்டத்தை நிதானமாகச் சொல்லுங்கள். எதிர்க் கட்சியில் இருந்தவரை அவர் கையாலேயே தோண்டி எடுத்த எலும்பு மாற்றியது. மரபணுவும் எலும்பும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை. தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன.

ரோடோசீட்டஸுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை வரிசையில் வையுங்கள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாகிசீட்டஸ், ஓநாய் அளவில், நீண்ட கால்களோடு இருந்தது. நாசித் துளை மூக்கின் நுனியில். அதன் பல்லில் இருக்கும் கனமான, இலேசான ஆக்சிஜன் அணுக்களின் விகிதம், அது நன்னீர் குடித்து வாழ்ந்ததைக் காட்டுகிறது. அடுத்து, 1994இல் பெயரிடப்பட்ட ஆம்புலோசீட்டஸ்: குட்டையான கால்கள், பெரிய பாதங்கள், முதலையைப் போல நீரிலும் கரையிலும் வாழ்ந்த உடல். கட்ச் பகுதியில் கிடைத்த ரெமிங்டனோசீட்டஸும் குச்சிசீட்டஸும் கடலோரத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த பசிலோசாரஸ் முழுக்க முழுக்கக் கடல்வாசி. சுமார் 15 மீட்டர் நீள உடல். அதில் அரை மீட்டர் அளவே பின்னங்கால், முட்டியும் விரலும் உட்பட. அந்தக் கால்களை எகிப்தின் பாலைவனத்தில் கண்டெடுத்து 1990இல் அறிவித்தார்கள். நாசித் துளையோ படிப்படியாகப் பின்னே நகர்ந்து, இன்றைய திமிங்கிலத்தில் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. இப்போதும் டால்பின் கருவில் பின்னங்கால் மொட்டு அரும்பி, சில வாரங்களில் மறைந்துபோகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு துண்டு ஜம்மு-காஷ்மீரின் காலாகோட்டில் கிடைத்தது. நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் அங்கே சேகரித்த எலும்புகளில் ஒன்றுக்கு 1971இல் இந்தோஹையஸ் என்று பெயரிட்டார். சிறு மானைப் போன்ற, குளம்புள்ள விலங்கு. அவர் இறந்த பிறகு, உடைக்கப்படாத பாறைகள் பெட்டிகளில் கிடந்தன. அவருடைய மனைவி அவற்றைத் தெவிசென்னிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைத் துப்புரவு செய்தபோது, கைதவறிக் காதெலும்பு உடைந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால், நடுக்காதை மூடியிருக்கும் கிண்ணம் போன்ற எலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கிலக் குடும்பத்துக்கு மட்டுமே உரியது என்று அதுவரை நினைத்திருந்தோம். தரையில் நடந்த, மானைப் போன்ற ஒரு விலங்கின் தலைக்குள் திமிங்கிலத்தின் காது! 2007இல் இது வெளியானபோது, அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்டியில் இருந்த ஒரு கல்லுக்குள் அது காத்திருந்திருக்கிறது.

"சரி, பாகிசீட்டஸுக்கும் ஆம்புலோசீட்டஸுக்கும் நடுவில் எது?" என்று உங்கள் அண்ணன் கேட்பார். கேட்கட்டும். ஓர் இடைவெளியில் ஒன்றை வைத்தால் அதன் இருபுறமும் இரண்டு இடைவெளிகள் தோன்றும். இது எண்ணிக்கையின் இயல்பு. இப்படிப் பார்த்தால், புதைபடிவம் கிடைக்கக் கிடைக்கப் பரிணாமத்துக்கு ஆதாரம் குறைந்துகொண்டே போவதாக ஆகிவிடும். அந்தக் கணக்கு எங்கேயோ தவறு என்று அவருக்கே தெரியும்.

எலும்பைக் கண்ட பிறகு கதை கட்டுகிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அதற்கு டிக்டாலிக் என்ற புதைபடிவத்தை விடச் சிறந்த பதில் இல்லை. 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் கை போன்ற எலும்புள்ள துடுப்புகளோடு மீன்கள் கிடைத்தன. சுமார் 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு காலும் விரல்களும் உடைய விலங்குகள் கிடைத்தன. அப்படியானால் நடுவிலுள்ள வயதுப் பாறையில், ஆழமற்ற நன்னீர் ஓடைகள் படியவைத்த மண்ணில், இரண்டின் அடையாளமும் கலந்த ஒன்று இருக்க வேண்டும். நீல் ஷூபின், டெட் டேஷ்லர், ஃபாரிஷ் ஜெங்கின்ஸ் ஆகியோர் நிலவியல் வரைபடத்தைப் பார்த்து, அந்த வயதும் அந்த வகையும் உள்ள பாறை கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில், திறந்து கிடப்பதை அறிந்தார்கள். 1999 முதல் அந்தப் பகுதிக்குக் கோடையில் பயணம் போனார்கள். பல பயணங்கள் வெறுங்கையோடு முடிந்தன. 2004இல் பாறையிலிருந்து ஒரு தட்டையான மூஞ்சி அவர்களைப் பார்த்தது. செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. தோளோடு ஒட்டாத கழுத்தும், மேலே நோக்கும் கண்ணும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் கரைக்கு வந்த விலங்குகளுக்குரியவை. வயது 37.5 கோடி ஆண்டுகள். எதை, எங்கே, எந்த அடுக்கில் தேட வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டுப் போய் எடுத்து வந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அண்ணனிடமிருந்து நீங்கள் கேட்க நேரும். 2010இல் போலந்தின் ஒரு கல்குவாரியில், டிக்டாலிக்கை விடச் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டு மூத்த பாறையில், நான்கு கால் விலங்குகளின் தடங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். அவை காலடித் தடங்கள் அல்ல, மீன்கள் ஏற்படுத்திய குழிகள் என்று சொல்கிறவர்களும் உண்டு. தடங்கள் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். நீரிலிருந்து கரைக்கு வந்த காலத்தைப் பின்னே தள்ள வேண்டியிருக்கும். டிக்டாலிக் நேரடி மூதாதையாக இருக்க முடியாது. பழைய சாயலைக் காப்பாற்றிவந்த பங்காளி ஆகிவிடும். பேரன் பிறந்த பிறகும் பாட்டனின் தம்பி உயிரோடு இருப்பதில்லையா? இந்தக் கேள்வி எங்கள் துறையில் இன்னும் திறந்தே இருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

பாதிக் காது பற்றிய கேள்வி என் சொந்த வேலையைத் தொடுகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். உங்கள் நடுக்காதில் மூன்று சிறு எலும்புகள் இருக்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. ஊர்வனவற்றின் நடுக்காதில் அங்கவடிக்கு இணையான ஒன்றுதான் உண்டு. ஆனால் அவற்றின் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது. நமக்கோ ஒரே எலும்பு. 1837இல், டார்வினின் நூலுக்கு 22 ஆண்டுகள் முன்பே, ரைக்கெர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் பன்றிக் கருக்களை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார். ஊர்வனவற்றில் தாடைக் கீலாக அமையும் இரண்டு எலும்புகள் எந்த இடத்தில் உருவாகின்றனவோ, அதே இடத்தில்தான் பாலூட்டிக் கருவில் சுத்தியும் பட்டடையும் உருவாகின்றன. நாம் கேட்கப் பயன்படுத்துவது ஒரு காலத்தில் மென்றுகொண்டிருந்த எலும்பு.

இதற்கு எதிராக வந்த வாதம் வலுவானதாகவே தோன்றியது. தாடைக் கீல் கழன்று காதுக்குப் போகும் நடுக்காலத்தில் அந்தப் பிராணி எப்படி மென்றது, எப்படிக் கேட்டது? பதில் மார்கனுகோடான் என்ற, மூஞ்சூறு அளவுள்ள ஒரு சிறு பிராணியில் இருக்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதன் தாடைக்குப் பழைய கீலும் புதிய கீலும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுமே இருந்தன. புதிய கீல் மெல்லும் பாரத்தைத் தாங்கத் தொடங்கிவிட்டதால், பழைய கீலின் எலும்புகள் சிறுத்து, அதிர்வைக் கடத்தும் வேலைக்குத் தோதாகிக்கொண்டிருந்தன. இத்தகைய தாடைகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசி முனையால் மண்துகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் என் பிழைப்பு. தாடையின் உட்பக்கத்தில், பின்கோடியில், நூல் கிடக்கும் அளவுக்கு ஒரு பள்ளம் வெளிப்படும். அந்தச் சிறு எலும்புகள் தாடையோடு ஒட்டிக்கிடந்த தொட்டில் அது. பின்னால் வந்த பாலூட்டிகளில் இந்தப் பள்ளம் மறைந்துவிடுகிறது. சீனாவில் கிடைத்து 2007இல் விவரிக்கப்பட்ட யானோகோனோடான் என்ற பழைய பாலூட்டியில், எலும்புகள் காதெலும்பின் உருவத்துக்கே வந்துவிட்டன. ஆனாலும் ஓர் எலும்புப் பாலத்தால் இன்னும் தாடையோடு இணைந்திருக்கின்றன. அவற்றில் எந்தப் பிராணியும் செவிடாக அலையவில்லை, பட்டினியும் கிடக்கவில்லை. பாம்பு இன்றும் தாடை எலும்பின் வழியே அதிர்வை உணர்கிறது. கேட்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்த வேலை கைமாறிக்கொண்டிருந்தது.

பில்ட்டவுன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது மோசடிதான், வெட்கக்கேடுதான். மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சாயம் ஏற்றி, பல்லை அரத்தால் ராவி, 1912இல் உலகத்தை ஏமாற்றினார்கள். 1953இல் அதை அம்பலப்படுத்தியவர்களும் அறிவியலாளர்களே. அதற்கு முன்பே, ஆப்பிரிக்காவில் கிடைத்த உண்மையான புதைபடிவங்களோடு அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. கூல்டைப் பொறுத்தவரை, அவர் எழுதியது மிக நெருங்கிய இரண்டு இனங்களுக்கு இடைப்பட்ட படிகளைப் பற்றி. அந்த அளவு நுணுக்கமான படிகள் பாறையில் அரிதாகவே பதிகின்றன என்பது அவர் கருத்து. பெருங்குழுக்களுக்கு இடைப்பட்ட வடிவங்கள் ஏராளமாக இருக்கின்றன என்று 1981இல் அவரே எழுதி, தம் எழுத்தை இப்படி வெட்டி எடுத்துப் பயன்படுத்துவதைக் கண்டித்தார். இறந்துபோன ஒருவரின் வாயில் அவர் மறுத்த வார்த்தையை வைப்பது நியாயமில்லை. உங்கள் அண்ணன் அந்த மறுப்பைப் படித்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அவர் பக்கத்து விளக்கத்தையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். பெருவெள்ளம் ஒன்று எல்லாவற்றையும் ஒரே காலத்தில் புதைத்தது, கனத்தவை கீழே, ஓடத் தெரிந்தவை மேலே என்று சிலர் விளக்குகிறார்கள். இக்தியோசார் என்ற கடல் ஊர்வனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டால்பினைப் போன்ற உருவம், டால்பினைப் போன்ற நீச்சல், பல இனங்கள் டால்பின் அளவே. வெள்ளம் பிரித்து அடுக்கியிருந்தால் இரண்டும் ஒரே அடுக்கில் கலந்து கிடக்க வேண்டும். உலகில் எங்குமே அப்படி இல்லை. சுமார் 9 கோடி ஆண்டுப் பாறைகளோடு இக்தியோசார் முடிந்துவிடுகிறது. திமிங்கில வம்சம் தொடங்குவது 5 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த ஒழுங்கைத் தனிப் படைப்பு என்ற கருத்து முன்கூட்டிச் சொல்லவில்லை. "அப்படித்தான் படைக்கப்பட்டது" என்று பின்னால் ஏற்றுக்கொள்ள மட்டுமே அதனால் முடியும். எது கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் விளக்கம், எந்தப் பாறையைத் தோண்ட வேண்டும் என்று ஒருநாளும் வழிகாட்டாது.

படைப்புவாதத்தைப் பற்றி அமெரிக்காவில் 1987இலும் 2005இலும் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளை வாதத்தில் இழுக்க வேண்டாம் என்பது என் யோசனை. பள்ளியில் எதைக் கற்பிக்கலாம் என்பதற்கு அவை விடை சொல்கின்றன. பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்குத் தீர்ப்பு விடையாகாது.

நம்பிக்கையை விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நான் அதிகாரத்தோடு பதில் சொல்லக்கூடிய எல்லை சிறியது. ஓர் எலும்பின் வயதையும் உறவையும் என்னால் சொல்ல முடியும். கடவுள் உண்டா இல்லையா என்று என் நுண்ணோக்கி எனக்குக் காட்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பரிணாம உயிரியலாளர்களில் ஒருவரான தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி தம்மைக் கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொண்டவர். பரிணாமத்தின் ஒளியில் அன்றி உயிரியலில் எதற்கும் பொருள் விளங்காது என்று 1973இல் எழுதியவரும் அவரே. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996இல் போப் இரண்டாம் ஜான் பால் கூறினார். இவர்களைப் போல நீங்களும் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருந்த நேர்மையான மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை உங்களிடம் மழுப்ப மாட்டேன். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள், ஒவ்வொரு இனமும் தனித்தனியாக இன்றைய உருவிலேயே வந்தது என்பவை பாறைகளைப் பற்றிய கூற்றுகள். அவை தவறு என்று பாறைகள் சொல்கின்றன. அண்ணனின் மனம் நோகக்கூடாது என்பதற்காக அதை நான் வேறுவிதமாகச் சொன்னால் உங்களுக்குச் செய்யும் துரோகம்.

அவரோடு பேசும்போது, எல்லோரும் கூடியிருக்கும் நேரத்தில் பேசாதீர்கள். நாலு பேர் முன்னால் யாரும் மனம் மாறமாட்டார்கள். தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, எப்படிப்பட்ட எலும்பு கிடைத்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?" உங்கள் பதிலையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டிக்டாலிக் கிடைத்த அடுக்கில் ஒரு திமிங்கில எலும்பு, வேறெங்கிருந்தும் கலக்காமல், பாறையோடு பாறையாகக் கிடைத்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று சொல்லுங்கள். நானும் மாற்றிக்கொள்வேன். அவர் யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள். மறுநாளே போய் விடை கேட்காதீர்கள்.

கடைசியாக உங்கள் மேற்படிப்பு. என்ன மிச்சம் இருக்கிறது என்று அண்ணன் கேட்டாரே, வௌவால் மிச்சம் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வௌவால் எலும்புக்கூடுகள் சுமார் 5.2 கோடி ஆண்டு வயதுள்ளவை. அவை எல்லாமே பறந்தவை. 2008இல் விவரிக்கப்பட்ட ஒனிகோனிக்டெரிஸின் ஐந்து விரல்களிலும் நகம் இருந்தது. இன்றைய வௌவால்களுக்கு ஒன்றோ இரண்டோ விரல்களில்தான் உண்டு. மரமேறிய காலத்தின் நினைவாக அந்த நகங்கள் எனக்குத் தோன்றும். ஆனாலும் அது பறக்கத் தெரிந்த வௌவால்தான். பறப்பதற்கு முந்தைய வடிவம் இன்னும் கிடைக்கவில்லை; இந்த இடத்தில் உங்கள் அண்ணனின் "எங்கே?" நூற்றுக்கு நூறு நியாயமானது. எலும்புகள் மெல்லியவை, உடல் சிறியது, காட்டு மண்ணில் விழுந்தால் மக்கிப்போகும். ஆகவே 5.2 கோடி ஆண்டுக்கு முந்தைய, மெல்லிய சேறு அமைதியாகப் படிந்த ஏரிப் பாறைகளில் தேட வேண்டும். கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதையும் இப்போதே எழுதிவைக்கிறேன்: வழக்கத்தைவிட நீண்ட, ஆனால் இன்றைய வௌவாலின் அளவுக்கு நீளாத கைவிரல்கள், ஐந்திலும் நகம், தொங்கி ஏறுவதற்குத் தோதான பின்னங்கால். தாடையின் நீளம் உங்கள் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டாது. முதுநிலைப் படிப்பில் சேர்ந்ததும், மெல்லிய ஊசியால் மண் நீக்கும் பயிற்சி எங்கே தருகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.